எத்தனை மைல் முன்னே பின்னே?



இந்த வாரம் என்னுடைய தவறு ஒன்றிலிருந்து தொடங்குகிறேன். ஜமாஅத்தில் பலருக்கும் அது தெரியும். தெரியாதவர்கள் என் வாயாலேயே கேட்டுக்கொள்ளட்டும்.

பள்ளியின் புதிய தொழுகைக் கூடத்துக்கு கான்கிரீட் போட்டு முடித்த சமயம். ஸஃப் கோடு போட வேண்டும், கிப்லாவைக் குறித்துக் கொடுங்கள் என்று முதவல்லி கேட்டார். என் கைபேசியில் கிப்லா காட்டும் செயலி இருக்கிறது. தூண் ஓரமாக நின்று பார்த்தேன். ஒரு முறை பார்த்துவிட்டுச் சொல்லக்கூடாது என்று பேணுதலாக ஐந்து முறை பார்த்தேன். ஐந்தும் ஒன்றுக்கொன்று ஒரு டிகிரிக்குள் வந்தன. "துல்லியமாகக் குறித்துவிட்டேன், கோடு போடலாம்" என்றேன்.

பின்வரிசையில் நின்றிருந்த ஒரு பெரியவர் கேட்டார்: "ஹஜரத், எத்தனை டிகிரி முன்னே பின்னே இருக்கும்?"

சரக்குக் கப்பலில் முப்பது வருடம் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றது. "துல்லியம்னு சொல்றேனே பாய், அப்புறம் என்ன முன்னே பின்னே?" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "சும்மா கேட்டேன் ஹஜரத். கடல்ல அந்த எண்ணைச் சொல்லாதவன் கிட்ட நாங்க கப்பலைக் குடுக்க மாட்டோம்" என்றார்.

அன்று மஃரிபுக்குப் பிறகு என்னை அவர் வீட்டுக்கு அழைத்துப் போனார். மரப்பெட்டி ஒன்றைத் திறந்து ஒரு கருவியை என் கையில் கொடுத்தார். செக்ஸ்டன்ட். நான் இன்று பேசப்போவதில் பெரும்பகுதி அந்தப் பெட்டியிலிருந்து வந்ததுதான்.

ஒவ்வொரு நட்சத்திரத்துக்கும் ஓர் இடம்

வானத்தில் உள்ள ஒவ்வொரு நட்சத்திரமும், ஒவ்வொரு நொடியிலும், பூமியில் ஏதோ ஓர் இடத்தின் உச்சிக்கு நேர் மேலே இருக்கிறது. எந்த நொடியில் எந்த இடம் என்பதை நாட்டிக்கல் அல்மனாக் என்ற ஆண்டுப் புத்தகம் சொல்லிவிடும். அந்த இடத்தில் நிற்பவனுக்கு நட்சத்திரம் தலைக்கு மேலே நேராகத் தெரியும். அங்கிருந்து விலக விலக அது சாய்ந்து தெரியும். ஒரு டிகிரி சாய்ந்தால் நீங்கள் 60 கடல் மைல் விலகியிருக்கிறீர்கள். ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்கைக் கோண நிமிடம் என்பார்கள். அந்த ஒரு நிமிடம் சாய்ந்தால் ஒரு கடல் மைல், அதாவது 1852 மீட்டர்.

நமக்குப் பழக்கமான உதாரணம் ஒன்று இருக்கிறது. ஆண்டுதோறும் மே 28 அன்று, நம் நேரப்படி பகல் 2:48 மணிக்கு, சூரியன் கஅபாவின் உச்சிக்கு நேர் மேலே வருகிறது. ஜூலை 16 அன்று 2:57 மணிக்கு மறுபடியும் வருகிறது. சென்னையில் இருப்பவர் அந்த நேரத்தில் சூரியனை அளந்தால், அடிவானத்திலிருந்து ஏறக்குறைய ஐம்பதரை டிகிரி உயரத்தில் இருக்கும். தலை உச்சி 90 டிகிரி. மீதி முப்பத்தொன்பதரை டிகிரிக்குச் சற்றுக் குறைவு. அதை 60-ஆல் பெருக்கினால் சுமார் 2360 கடல் மைல். சென்னையிலிருந்து மக்காவுக்கு உள்ள தூரம் அதுதான். மாலுமி ஒவ்வொரு மாலையும் செய்வது இந்தக் கணக்கைத்தான். மக்காவுக்குப் பதிலாக நட்சத்திரம் நிற்கும் இடம், அவ்வளவுதான் வித்தியாசம்.

அல்மனாக்கில் மாலுமிகளுக்கென்று தேர்ந்தெடுத்த நட்சத்திரங்கள் 57. அந்தப் பட்டியலை அவர் வாசிக்க வாசிக்க நான் அசந்துபோனேன். அல்டெபரான், ரைஜல், ஆல்டேர், வேகா, ஃபோமல்ஹாட், ஆக்கர்னார் என்று வந்ததில் பாதிக்கு மேல் எனக்குத் தெரிந்த அரபிச் சொற்கள்தான், கொஞ்சம் உருமாறியிருந்தன. ஃபமுல் ஹூத், மீனின் வாய். ஆகிருந் நஹ்ர், ஆற்றின் முடிவு. முப்பது வருடம் அந்தப் பெயர்களைச் சொல்லியே கப்பல் ஓட்டியவருக்கு அன்றுதான் பொருள் தெரிந்தது. எனக்குப் பொருள் தெரியும், வானத்தில் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது. இருளில் தரையிலும் கடலிலும் வழி காண்பதற்காக நட்சத்திரங்களை ஆக்கியிருப்பதாக அல்லாஹ் அன்ஆம் அத்தியாயத்தின் 97-ஆம் வசனத்தில் சொல்லிக்காட்டுகிறான். எத்தனை தடவை ஓதியிருப்பேன்!

நட்சத்திரத்தை அளக்க ஒரு விசித்திரமான நேரம் தேவை. நட்சத்திரம் தெரிய இருட்டு வேண்டும். அது அடிவானத்திலிருந்து எவ்வளவு உயரம் என்று அளக்க, அடிவானமும் தெரிய வேண்டும், அதற்கு வெளிச்சம் வேண்டும். இரண்டும் சேர்ந்து கிடைப்பது மஃரிபுக்குப் பிறகு சிறிது நேரமும், ஃபஜ்ருக்குப் பிறகு சிறிது நேரமும்தான். நம் பக்கத்துக் கடல்களில் இருபது நிமிடம் கிடைத்தால் பெரிது. கிரகங்கள் இதில் ஓர் உதவி. வெள்ளியும் வியாழனும் பிரகாசமானவை என்பதால், அடிவானம் இன்னும் கத்தி போலத் தெளிவாக இருக்கும்போதே கண்ணுக்குப் பட்டுவிடும். ஆனால் அவற்றுக்கு அவற்றுக்கே உரிய திருத்தங்கள் உண்டு. வெள்ளி பிறைபோலத் தேயும். அப்போது நாம் பார்க்கும் ஒளியின் நடுவும் கிரகத்தின் நடுவும் ஒன்றாக இருக்காது.

கருவி சொல்வது, மாலுமி சொல்வது

நல்ல செக்ஸ்டன்ட்டில் ஒரு நிமிடத்தின் பத்தில் ஒரு பங்கு வரை வாசிக்கலாம். கணக்குப்படி பார்த்தால் 185 மீட்டர். அப்படியானால் நடுக்கடலில் இருக்கும் கப்பலின் இடத்தை 185 மீட்டருக்குள் சொல்லிவிடலாமா என்று கேட்டேன்.

"கருவி சொல்லும் ஹஜரத், நான் சொல்ல மாட்டேன்" என்றார். பெரிய கப்பல், நல்ல அடிவானம், பழகிய கை, இவ்வளவும் இருந்தால் ஒன்று அல்லது இரண்டு மைல். சின்னப் படகில், அலையில், அதைவிட அதிகம். இதுதான் அவர் சொன்ன கணக்கு.

ஏன் இவ்வளவு இடைவெளி? அளப்பவன் கடல்மட்டத்தில் நிற்பதில்லை, உயரத்தில் நிற்கிறான். உயரத்திலிருந்து பார்த்தால் அடிவானம் கீழிறங்கித் தெரியும். கண் 16 மீட்டர் உயரத்தில் இருந்தால் இந்தத் தாழ்வு மட்டுமே ஏழு நிமிடம், ஏழு மைல். காற்று ஒளியை வளைக்கிறது. அடிவானத்தை ஒட்டி அந்த வளைவு 34 நிமிடம், 45 டிகிரி உயரத்தில் ஒரே நிமிடம். நம் மஃரிப் அட்டவணை போடுபவர்களும் இந்த 34-ஐச் சேர்த்துத்தான் கணக்கிடுகிறார்கள். நாம் பார்க்கும் கடைசிச் சூரியன் ஏற்கனவே மறைந்துவிட்ட சூரியன்! கடிகாரம் நான்கு நொடி தவறினால் தீர்க்க ரேகையில் ஒரு நிமிடம் தவறும். இவற்றையெல்லாம் அட்டவணை பார்த்துத் திருத்திவிடலாம். ஆனால் அன்றைய காற்றின் வெப்பம் அட்டவணை சொல்வதுபோலவே இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லையே.

அந்த அடிவானத் தாழ்வைக் கேட்டதும் எனக்கு அல்பிரூனி (ரஹ்) ஞாபகம் வந்தார். இன்றைய பாகிஸ்தான் பஞ்சாபில் நந்தனா என்ற இடத்தில் ஒரு மலை மேல் ஏறி, அடிவானம் எவ்வளவு தாழ்ந்து தெரிகிறது என்று அளந்து, 34 நிமிடம் என்று கண்டு, அதிலிருந்து பூமியின் அளவைக் கணக்கிட்டவர் அவர். ஊர்களின் இருப்பிடத்தைக் கண்டுபிடிப்பது பற்றி அவர் ஹிஜ்ரி 416-இல், அதாவது 1025-இல், முடித்த நூலில் கஸ்னா நகரத்தின் கிப்லாவை ஒரு வழியில் மட்டும் கணக்கிட்டுவிட்டு நிறுத்தவில்லை. பல வழிகளில் கணக்கிட்டுப் பார்த்தார். அவ்வளவு பெரிய மேதைக்கு ஒரு வழி போதவில்லை. எனக்கு ஒரு கைபேசி போதுமானதாக இருந்தது.

ஐந்து முறை பார்த்தும் ஏன் தவறியது?

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாக வாசியுங்கள்.

அளவையில் வரும் தவறு இரண்டு வகை. ஒன்று, கை நடுக்கம், அலை ஆட்டம் போன்றவற்றால் வருவது. ஒரு தடவை மேலே போகும், மறு தடவை கீழே வரும். பல தடவை அளந்து சராசரி எடுத்தால் இது குறையும். மாலுமிகள் ஒரே நட்சத்திரத்தை மூன்று, ஐந்து முறை அளப்பது இதற்காகத்தான். மற்றொன்று, எல்லா அளவையிலும் ஒரே பக்கமாகச் சாய்வது. கருவியின் கண்ணாடி சற்றுத் திரும்பியிருந்தால் அது ஒவ்வொரு முறையும் அதே இரண்டு நிமிடத்தைக் கூட்டிக் காட்டும். நூறு முறை அளந்தாலும் அந்த இரண்டு நிமிடம் அப்படியே இருக்கும். சராசரி அதைத் தொடவே தொடாது. இன்னும் மோசம், நூறு அளவையும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போவதைப் பார்த்து நமக்கு நம்பிக்கை கூடும்.

நான் நின்ற தூணுக்குள் இரும்புக் கம்பி இருந்தது. கைபேசியின் திசைகாட்டி காந்தத்தில் வேலை செய்வது. ஐந்து முறையும் அதே தூண், அதே கம்பி. ஐந்து பேர் சாட்சி சொன்னார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். பேசியது ஒரே கம்பி.

மத்ரஸாவில் ஹதீஸ் கலை படித்தவர்களுக்கு இது புதிதே அல்ல. அதனால்தான் எனக்கு வெட்கம் அதிகம். ஒரு ஹதீஸுக்குப் பத்து அறிவிப்பாளர் தொடர்கள் இருக்கும். முஹத்திஸீன்கள் அவற்றை விரித்துப் பார்ப்பார்கள். பத்தும் மேலே போய் ஒரே மனிதரிடம் சேர்ந்தால், அந்த மனிதரை 'மதார்' என்பார்கள், அச்சு. அச்சில் பலவீனம் இருந்தால் பத்துத் தொடரும் சேர்ந்து அதைச் சரிசெய்துவிடாது. முதவாத்திர் என்ற உறுதியான செய்திக்கும் ஆள் எண்ணிக்கை மட்டும் நிபந்தனை அல்ல. அத்தனை பேரும் சேர்ந்து ஒரே பொய்யில் ஒன்றுபட வழக்கத்தில் வழியில்லாமல் இருக்க வேண்டும். வகுப்பில் இதைப் பாடமாக நடத்துகிற நானே தூண் ஓரத்தில் நின்று மறந்துவிட்டேன்.

மாலுமிகள் இதற்கு இரண்டு வைத்தியம் வைத்திருக்கிறார்கள். அளக்கத் தொடங்கும் முன், கருவியைப் பூஜ்யத்தில் வைத்து ஒரு நட்சத்திரத்தையோ அடிவானத்தையோ பார்ப்பார்கள். கண்ணாடியில் தெரியும் பிம்பமும் நேரில் தெரிவதும் ஒன்றன் மேல் ஒன்று பொருந்த வேண்டும். பொருந்தாவிட்டால் கருவியில் எவ்வளவு கோணல் என்பது அங்கேயே தெரிந்துவிடும். அதைக் குறித்துக்கொண்டு கழித்துவிடுவார்கள். இன்டெக்ஸ் எர்ரர் என்று பெயர். நேற்றுப் பார்த்தோமே என்று விடுவதில்லை, ஒவ்வொரு மாலையும் பார்ப்பார்கள்.

இரண்டாவது வைத்தியம் எனக்கு இன்னும் பிடித்தது. நட்சத்திரங்களை ஒரே பக்கத்தில் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். வடக்கே ஒன்றை அளந்தால் தெற்கே ஒன்று, கிழக்கே ஒன்றென்றால் மேற்கே ஒன்று. கருவி இரண்டு நிமிடம் கூட்டிக் காட்டினால், வடக்கு நட்சத்திரம் கப்பலை இரண்டு மைல் வடக்கே தள்ளும், தெற்கு நட்சத்திரம் இரண்டு மைல் தெற்கே தள்ளும். நடுவில் நிற்பது உண்மை இடம். மூன்று நட்சத்திரம் மட்டும் என்றால் மூன்று கோடுகள் ஒரு சிறு முக்கோணமாக வெட்டிக்கொள்ளும். மூன்றும் வானத்தைச் சுற்றிப் பரவியிருந்தால், இந்தச் சாய்வு மட்டுமே தவறாக இருக்கும்போது, கப்பல் முக்கோணத்தின் உள்ளே இருக்கும். மூன்றும் வானத்தின் ஒரே பாதியில் இருந்தால் கப்பல் அந்த முக்கோணத்துக்கு வெளியே இருக்கும். மாலுமியோ அழகான சின்ன முக்கோணத்தைப் பார்த்துவிட்டு உள்ளே புள்ளி வைத்துக்கொண்டிருப்பான்.

ஒரு பார்வை, ஒரு கோடு

1837 டிசம்பர். தாமஸ் சம்னர் என்ற அமெரிக்கக் கேப்டன், சார்லஸ்டன் துறைமுகத்திலிருந்து ஸ்காட்லாந்தின் கிரீனாக்குக்குப் போய்க்கொண்டிருக்கிறார். நாள்கணக்கில் மேகமூட்டம். சூரியனும் இல்லை, நட்சத்திரமும் இல்லை. காற்று கப்பலை அயர்லாந்துக் கரைப் பக்கம் தள்ளுகிறது. ஒரு நாள் காலை பத்து மணிவாக்கில் மேகம் விலகி சூரியன் ஒருமுறை தெரிந்தது. உடனே அளந்தார். ஆனால் கணக்குப் போட அட்ச ரேகை தெரிய வேண்டும். அது அவருக்கு உறுதியாகத் தெரியவில்லை.

அவர் என்ன செய்தார் பாருங்கள். தெரிந்ததுபோல ஓர் எண்ணைப் போட்டு முடித்துவிடவில்லை. உத்தேசமான அட்ச ரேகையில் ஒரு கணக்கு, பத்து நிமிடம் வடக்கே வைத்து ஒரு கணக்கு, இன்னும் பத்து நிமிடம் வடக்கே வைத்து மூன்றாவது கணக்கு என்று போட்டார். வரைபடத்தில் குறித்தால் மூன்று புள்ளியும் ஒரே நேர்கோட்டில் நின்றன. அந்தக் கோடு ஸ்மால்ஸ் என்ற கலங்கரை விளக்கத்தின் வழியாகப் போனது. நான் எந்த இடத்தில் இருக்கிறேன் என்று தெரியாது, ஆனால் இந்தக் கோட்டின் மேல் எங்கோ இருக்கிறேன் என்பது அவருக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கோட்டின் திசையிலேயே கப்பலைச் செலுத்தினார். ஒரு மணி நேரத்துக்குள் ஸ்மால்ஸ் விளக்கு தெரிந்தது. 1843-இல் அந்த முறையைப் புத்தகமாக வெளியிட்டார். இன்றும் நட்சத்திரக் கணக்கின் அடிப்படை அதுதான். ஒரு பார்வை ஒரு கோட்டைத் தரும். இடம் வேண்டுமென்றால் வேறு திசையிலிருந்து இன்னொரு கோடு வேண்டும்.

கப்பல்கார பாய் இதைச் சொல்லிக்கொண்டிருந்தபோது என் மனம் வேறெங்கோ போய்விட்டது. கிப்லா விஷயத்தைவிடக் கனமான ஒன்றுக்கு.

சில வருடங்களுக்கு முன் ஒரு தகப்பனார் என்னிடம் வந்தார். மகளுக்கு ஒரு மாப்பிள்ளை வந்திருக்கிறது, பையன் உங்கள் பள்ளியில்தான் தொழுகிறான், எப்படி என்று கேட்டார். நான் அந்தப் பையனை முதல் ஸஃபில் பார்த்திருக்கிறேன். பார்த்தால் ஸலாம் சொல்வான், பார்வை தாழ்ந்திருக்கும். "தங்கமான பையன், யோசிக்காதீங்க" என்றேன். அவர் இன்னும் நான்கு பேரிடம் விசாரித்திருக்கிறார். நால்வரும் அதையே சொன்னார்கள். நால்வரும் அவனை என்னைப்போலவே பள்ளியில் மட்டும் பார்த்தவர்கள் என்று பிறகுதான் தெரிந்தது. அவன் வேலை பார்த்த கடையில் யாரும் கேட்கவில்லை. வாடகைக்கு இருந்த வீட்டில் யாரும் கேட்கவில்லை. ஒரு வருடம் முடிவதற்குள் அந்தப் பெண் குலா கேட்டு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள். அவளுடைய தகப்பனார் என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. "நீங்க சொன்னீங்களே ஹஜரத்" என்று மட்டும் சொன்னார்.

நான் பொய் சொன்னேனா? நான் பார்த்ததைத்தான் சொன்னேன். ஆனால் என்னிடம் இருந்தது ஒரு கோடு. நான் கொடுத்ததோ ஒரு புள்ளி. "முதல் ஸஃபில் பார்க்கிறேன், அதற்கு மேல் எனக்குத் தெரியாது, கடையில் கேளுங்கள்" என்று சொல்லியிருந்தால் அந்தத் தகப்பனார் கடைக்குப் போயிருப்பார். என் உறுதிதான் அவர் காலைக் கட்டியது. அறிவில்லாத ஒன்றைப் பின்தொடராதே, செவியும் பார்வையும் இதயமும் விசாரிக்கப்படும் என்ற கருத்தில் இஸ்ரா அத்தியாயத்தின் 36-ஆம் வசனம் இருக்கிறது. அந்த விசாரணையில் பார்த்தாயா என்று மட்டுமா கேட்கப்படும்? எவ்வளவு பார்த்தாய், எவ்வளவு சொன்னாய் என்பதும் அதில் வராதா? எனக்குப் பயமாக இருக்கிறது.

பத்து மைல் சொல்லியும் பாதை சொன்னவர்

இங்கே ஒரு கேள்வி எழும். ஹஜரத், எல்லாவற்றுக்கும் "இருக்கலாம்", "தெரியாது" என்று சொல்லிக்கொண்டிருந்தால் மக்கள் எதைப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள்? தலைமைக்கு உறுதி வேண்டாமா? நியாயமான கேள்வி. நானும் பல வருடம் அப்படித்தான் நினைத்தேன்.

1916-இல் தென்துருவக் கடலில் ஷாகில்டன் என்பவரின் கப்பல் பனியில் நசுங்கி மூழ்கிவிட்ட பிறகு, ஆட்கள் எலிஃபன்ட் தீவில் ஒதுங்கியிருந்தார்கள். உதவி தேடி ஆறு பேர் ஏப்ரல் 24 அன்று ஏழு மீட்டர் நீளப் படகு ஒன்றில் கிளம்பினார்கள். போக வேண்டியது சுமார் 800 கடல் மைல் தள்ளி இருந்த தெற்கு ஜார்ஜியா தீவு. படகின் வழிகாட்டி ஃபிராங்க் வோர்ஸ்லி. பதினாறு நாள் பயணத்தில் அவருக்கு அளக்கச் சூரியன் கிடைத்தது நான்கே முறை. நட்சத்திரமெல்லாம் கேட்கவே வேண்டாம். ஒரு கையால் பாய்மரத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, படகு அலை உச்சிக்கு ஏறும் அந்த நொடியில் அளப்பார். ஷாகில்டன் குரோனாமீட்டரைப் பார்த்து நேரம் குறிப்பார். கணக்குப் புத்தகத்தின் தாள்கள் நனைந்து கூழாகிக்கொண்டிருந்தன.

தீவு நெருங்கியபோது வோர்ஸ்லி சொன்னது இதுதான்: நம் இடத்தைப் பத்து மைலுக்குள் என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. தீவைத் தவறவிட்டுத் தாண்டிவிட்டால் அந்தப் படகால் திரும்பி வர முடியாது, அதற்கப்பால் வெறும் கடல். மனிதர்கள் இருந்த திமிங்கில வேட்டை நிலையங்கள் தீவின் மறுபக்கத்தில் இருந்தன. பத்து மைல் சந்தேகத்தோடு முனையைச் சுற்றிப் போக முயல்வது ஆபத்து. ஆகவே ஆளில்லாத மேற்குக் கரையையே குறிவைத்தார்கள். மே 10 அன்று கரை ஏறினார்கள். அந்த முடிவுக்கு விலை உண்டு. மூன்று பேர் யாரும் கடந்திராத பனிமலைகளை 36 மணி நேரம் நடந்து மறுபக்கம் போக வேண்டியிருந்தது. ஆனால் எலிஃபன்ட் தீவில் காத்திருந்த 22 பேரும் அந்த ஆகஸ்டில் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

அவர் தடுமாறவில்லை பாருங்கள். பத்து மைல் என்று எண்ணைச் சொன்னார், அந்த எண்ணை வைத்தே பாதையையும் முடிவு செய்தார்கள். "மூன்று மைல்தான்" என்று வீரமாகச் சொல்லியிருந்தால் மலை ஏற வேண்டியிருந்திருக்காது. ஒருவேளை யாருமே திரும்பியிருக்க மாட்டார்கள். இன்னொரு பக்கமும் உண்டு. பழி வரக்கூடாது என்று "ஐம்பது மைல் முன்னே பின்னே இருக்கலாம்" என்று சொல்லியிருந்தால் அதுவும் பொய்தான். அப்படிச் சொல்லும் மாலுமி கப்பலைத் துறைமுகத்துக்கு வெளியிலேயே நிறுத்தி வைப்பான். நம்மில் சில ஆலிம்கள் எந்த மஸ்அலா கேட்டாலும் "கருத்து வேறுபாடு இருக்கிறது" என்று சொல்லி நகர்ந்துவிடுகிறோமே, அது பணிவு என்று எனக்குத் தோன்றவில்லை. இமாம் மாலிக் (ரஹ்) அவர்களிடம் 48 கேள்விகள் கேட்கப்பட்டு, 32-க்குத் தெரியாது என்றார்கள் என்று அறிவிக்கப்படுகிறது. அந்த 32-ஐத்தான் நாம் மேடையில் சொல்கிறோம். மீதி 16-க்கு அவர்கள் பதில் சொன்னார்களே!

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், தவறாக எடுத்துக்கொள்ளக்கூடாது. அல்லாஹ் ஒருவன், தொழுகை ஐந்து என்பதிலெல்லாம் முன்னே பின்னே கிடையாது. அது யகீன். நான் பேசுவது நம் கண்ணும் காதும் கணக்கும் சம்பந்தப்பட்டவை பற்றி. அதில் மார்க்கமே நம்மிடம் கேட்பது மிகைத்த எண்ணத்தைத்தான். ஆய்வு செய்து தீர்ப்புச் சொல்பவர் சரியாகச் சொன்னால் இரண்டு கூலி, தவறினாலும் ஒரு கூலி என்ற கருத்தில் வரும் ஹதீஸை நாம் அறிவோம். அந்த ஒரு கூலி தவறுக்காக அல்ல, உழைப்புக்காக. உழைக்காமல் உறுதி காட்டியவருக்கு அதில் பங்கு இல்லை.

மே 28

அந்த வருடம் மே 28 அன்று பாய் சொன்னபடி கூடத்துக்கு வெளியே திறந்த வெளியில் ஒரு தூக்குநூலைக் கட்டினோம். 2:48-க்கு அதன் நிழலைச் சுண்ணாம்பால் கோடிட்டோம். சூரியன் கஅபாவுக்கு மேலே நிற்கும்போது நிழலுக்கு எதிர்த்திசை கிப்லா. அந்தக் கோட்டை அளந்து கூடத்துக்குள் கொண்டுவந்தால், நான் துல்லியம் என்று சொன்ன கோடு ஒன்பது டிகிரி விலகியிருந்தது.

இத்தனை நாள் தொழுததைத் திருப்பித் தொழ வேண்டுமா என்று ஒருவர் பதறிப்போய்க் கேட்டார். ஹனஃபி மத்ஹபில் தொலைவில் இருப்பவருக்குக் கஅபாவின் திசையே போதும், இந்த ஒன்பது டிகிரி திசையை விட்டு வெளியே போகவில்லை, தொழுகைக்குக் குறை இல்லை என்றேன். ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி கஅபாவையே குறிவைக்க வேண்டும், ஆனால் தொலைவில் இருப்பவருக்கு அதிலும் மிகைத்த எண்ணம்தான் அளவுகோல். ஷாஃபிஈ சகோதரர்கள் இருவர் தனியாக வந்து கேட்டார்கள், அவர்களுக்குத் தனியாக விளக்கினேன். கோடு விலகியதில் எனக்கு அவ்வளவு வருத்தம் இல்லை. "துல்லியம்" என்ற அந்த ஒரு சொல்லை நினைத்தால்தான் இப்போதும் உறுத்துகிறது. அன்று அஸருக்குப் பின் ஜமாஅத்துக்கு முன்னால் எழுந்து நின்று அதைச் சொன்னேன். ஸஃப் கோட்டை மாற்றிப் போட்டோம்.

புதிய கோட்டைப் போட்டதும் நான் பாயிடம் கேட்டேன்: "எத்தனை டிகிரி முன்னே பின்னே இருக்கும்?"

"ஒரு டிகிரின்னு வச்சுக்குங்க ஹஜரத். நூல் காத்துல ஆடுச்சு" என்றார்.

இப்போது மாடியில் பெண்களுக்கான தொழுகைக் கூடம் தயாராகிவிட்டது. வருகிற மே 28 அன்று பகல் 2:30-க்கு விருப்பமுள்ளவர்கள் மொட்டை மாடிக்கு வாருங்கள். பிள்ளைகளையும் அழைத்து வாருங்கள், சூரியனை வெறும் கண்ணால் பார்க்க விடாதீர்கள், நிழலைப் பார்த்தால் போதும். கைபேசிக் கடிகாரத்தை முன்பே சரிபார்த்துக்கொள்ளுங்கள். அன்று மேகமாக இருந்தால் மறுநாள் அதே நேரம் பார்க்கலாம், குறி கஅபாவிலிருந்து சுமார் பத்து மைல் தள்ளி நிற்கும், நம் கோட்டுக்கு அது பொருட்டில்லை. அன்றும் மேகம் என்றால் ஜூலை 16, பகல் 2:57.